சாம் ஹூஸ்டனின் கதை 18 நிமிடத்தில் முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் டெக்சாஸைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சாம் ஹூஸ்டனைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் இவ்வளவு இடம் கொடுத்து எழுதி நான் பார்த்ததில்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை சான் ஜசின்டோ சண்டையோடு நின்றுவிட்டது. 1836இல் 18 நிமிடத்தில் மெக்சிகோ படையை முறியடித்தார், மெக்சிகோவிடமிருந்து பிரிந்து டெக்சாஸ் தனி நாடானது, அவர் ஒரு நகரத்தை நிறுவினார், அவ்வளவுதான். அந்தச் சண்டையின்போது அவருக்கு 43 வயது. அதற்குப் பிறகு 27 வருடம் இருந்தார். என்னைக் கேட்டால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதிக்கு மேல் அந்த 27 வருடத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் அவர் குதிரையில் உட்கார்ந்த இன்னொரு சிலை, அவ்வளவே.

ஒரு சின்னத் திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் நகரத்தை அவர் நிறுவவில்லை. நியூயார்க்கிலிருந்து வந்த ஆலன் சகோதரர்கள் இரண்டு பேர், சண்டை முடிந்த அதே வருடம் ஆகஸ்டில் பஃபலோ பேயூ என்ற ஓடைக்கரையில் நிலம் வாங்கி, மனை போட்டு விற்பதற்காக, அன்றைக்கு ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்த தளபதியின் பெயரை வைத்தார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகளின் பேறுகாலத்துக்காக ஹூஸ்டன் போய் ஐந்து மாதம் இருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆன பிறகு, எங்கே போகலாம் அத்தை என்று மாப்பிள்ளை கேட்டார். பியர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தோம். அடுத்தது நாசா என்று அவர் நினைத்திருந்தார். நான் சான் ஜசின்டோவும், சாம் ஹூஸ்டன் இறந்த ஊரான ஹன்ட்ஸ்வில்லும் பார்க்கவேண்டும் என்றேன். ஹூஸ்டன் நகரத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1969இல் நிலவில் இறங்கியதும் ஆம்ஸ்ட்ராங் முதலில் கூப்பிட்டதும் இந்தப் பெயரைத்தான். ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆள் யார் என்று கேட்டால் ‘ஏதோ ஜெனரல்’ என்பதோடு சரி.

சான் ஜசின்டோ களத்தில் இன்று 567 அடிக்கு ஒரு தூண் நிற்கிறது, உச்சியில் ஒற்றை நட்சத்திரம். சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள். தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நான் பின்பக்கம் நடந்து, கோரைப்புல் வளர்ந்து கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பார்த்தேன். காலை வைத்தால் உள்ளே இழுக்கும் கரிய சேறு. தோற்று ஓடிய மெக்சிகோ சிப்பாய்கள் இந்த மாதிரிச் சேற்றிலும் அதை ஒட்டிய நீரிலும் மாட்டிக்கொண்டுதான் செத்தார்கள். சண்டை 18 நிமிடம் என்பது சரி, கொலை அதற்கு மேலும் வெகுநேரம் நடந்தது. ஆறு வாரம் முன்பு மெக்சிகோ படை டெக்சாஸ்காரர்களைக் கொன்று தீர்த்த அலமோ கோட்டையில் நான் இல்லை என்று அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சியவர்களையும் விடவில்லை. மெக்சிகோ தரப்பில் 600க்கும் மேல் பிணம், டெக்சாஸ் தரப்பில் பத்துப் பேர் அளவில். உங்கள் கட்டுரை இதை ‘மின்னல் வெற்றி’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது.

அந்தச் சண்டைக்கு முன்னால் நடந்த ஆறு வாரத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். மார்ச் 6ஆம் தேதி அலமோ விழுந்து, உள்ளே இருந்து சண்டை போட்ட 180க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஹூஸ்டன் 11ஆம் தேதி கொன்சாலஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்தது 374 பேர். பயிற்சி இல்லை, சாப்பாடு இரண்டு நாளைக்கு இருந்தால் அதிகம். அந்த ஊரிலிருந்து மட்டும் 32 ஆண்கள் அலமோவுக்குத் துணைக்குப் போயிருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. சூசன்னா டிக்கின்சன் என்ற பெண், அலமோவில் கணவனைப் பறிகொடுத்தவள், கைக்குழந்தையோடு வந்து நடந்ததைச் சொன்னபோது ஊரில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. அன்றிரவே ஊரைக் காலி செய்து, எதிரிக்கு ஒரு மணி தானியம்கூடக் கிடைக்காமல் கொளுத்திவிட்டு, கிழக்கே நடக்கச் சொன்னார் ஹூஸ்டன். அந்த விதவைகளை ஏற்றிப்போக வண்டி வேண்டும் என்பதற்காகப் படையின் சாமான்களைக் கழித்துவிட்டு வண்டிகளைக் கொடுத்தார். மழை விடாமல் பெய்தது. ஆறுகள் நிரம்பி ஓடின. படை ஒரு பக்கம் பின்வாங்க, குடியேறியவர்கள் குழந்தை குட்டியோடு சேற்றில் ஓடினார்கள். வழியில் செத்தவர்களை ஓரத்தில் புதைத்துவிட்டு நடந்தார்கள்.

நடுவில் கோலியாடில் சரணடைந்திருந்த 300க்கும் மேற்பட்ட டெக்சாஸ் வீரர்களை, மெக்சிகோ அதிபரும் படைத்தலைவருமான சாந்தா அன்னாவின் உத்தரவின்பேரில் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. இதற்கப்புறமும் பின்வாங்குவதா என்று படையே கொதித்தது. இரண்டு கேப்டன்கள் இனி ஓர் அடி பின்னால் வைக்கமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர்களை அங்கேயே ஆற்றுத்துறைகளைக் காவல் காக்க விட்டுவிட்டு மற்றவர்களை நடத்திப் போனார். டெக்சாஸின் தற்காலிக அதிபர் பர்னெட், எதிரி உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான், இனிப் பின்வாங்காதே, சண்டை போடு என்று காட்டமாகக் கடிதம் எழுதினார். ஹூஸ்டன் குடிகாரர், கோழை, பைத்தியம் என்றெல்லாம் முகாமில் பேசினார்கள். அவர் யாரிடமும் திட்டத்தைச் சொல்லவில்லை. பிராசோஸ் ஆற்றோரம் குரோஸ் என்பவரின் பண்ணையில் இரண்டு வாரம் நிறுத்திவைத்து, நிற்கவும் திரும்பவும் வரிசையாகச் சுடவும் சொல்லிக்கொடுத்தார். சின்சினாட்டி நகர மக்கள் அனுப்பிய இரண்டு சிறிய பீரங்கிகள் அங்கேதான் வந்து சேர்ந்தன. அப்போது அவரிடம் வேறு பீரங்கி கிடையாது.

புலி பதுங்குவது பாய்வதற்குத்தான் என்று பாய்ந்த பிறகு எல்லோரும் சொல்லலாம். பதுங்கும்போது புலிக்கு யாரும் அந்த மரியாதையைக் கொடுப்பதில்லை. சாந்தா அன்னா டெக்சாஸ் அரசாங்கத்தைப் பிடித்துவிடும் அவசரத்தில் தன் பெரிய படையை விட்டுவிட்டுச் சுமார் 700 பேரோடு தனியே முன்னால் ஓடிவந்தார். ஏப்ரல் 18ஆம் தேதி ஒரு தூதனைப் பிடித்து அவன் பையைப் பார்த்தபோதுதான் அந்தச் சின்னப் படையில் இருப்பது சாந்தா அன்னாவேதான் என்று ஹூஸ்டனுக்கு உறுதியானது. மூன்றே நாள். 21ஆம் தேதி காலை எதிரிக்கு இன்னும் 500 பேர் வந்து சேர்ந்தும், அவர்கள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பிற்பகல் நாலரை மணிக்கு, சுமார் 900 பேரோடு புல்வெளியைக் கடந்தார். குதிரைகள் அவருக்குக் கீழே சுடப்பட்டன, கணுக்கால் நொறுங்கியது.

இப்போது அந்த ஓக் மரத்தடிக் காட்சி. நான் வகுப்பில் எந்தப் பாடத்துக்கு நடுவிலும் இதைச் சொல்லிவிடுவேன். மறுநாள், சாதாரண ஆள் மாதிரி உடை உடுத்திய ஒரு கைதியை இழுத்துவருகிறார்கள். ஏற்கெனவே பிடிபட்ட மெக்சிகோ சிப்பாய்கள் ‘எல் பிரெசிதென்தே’ என்று எழுந்து நிற்க, ஆள் யாரென்று வெளிப்பட்டுவிடுகிறது. சாந்தா அன்னா. அலமோவில் ஒருவரையும் விடாதே என்றவர், கோலியாடில் கைதிகளைச் சுடச் சொன்னவர். ஹூஸ்டன் மரத்தடியில் பாயில் கிடக்கிறார், கால் வீங்கியிருக்கிறது. சுற்றி நிற்கும் அத்தனை பேரும் தூக்கில் போடு என்கிறார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவன், மகனைப் பறிகொடுத்தவன் எல்லாம் அதில் உண்டு. ஹூஸ்டன் போடவில்லை. பக்கத்திலேயே இன்னும் ஆயிரக்கணக்கான மெக்சிகோ வீரர்கள் கலையாமல் இருக்கிறார்கள், செத்த சாந்தா அன்னாவால் அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. உயிரோடிருக்கும் சாந்தா அன்னா அன்றே கையெழுத்துப் போட்டு, ஃபிலிசோலா என்ற தன் அடுத்த தளபதியைப் பின்வாங்கச் சொன்னார். அந்தப் படையும் போய்விட்டது. என் கண்ணுக்கு 18 நிமிடத்தைவிட இதுதான் பெரிய வெற்றி, இதற்காகவும் அவரைத் திட்டினார்கள்.

இப்படி ஏச்சை வாங்கிக்கொண்டு நிற்கிற மனசு அவருக்கு எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவில் பிறந்து, 13 வயதில் தகப்பனை இழந்து, தாயோடு டென்னசி எல்லைப்புறத்துக்கு வந்தார். அண்ணன்மார் கடையில் உட்காரவைக்க, பையன் வீட்டை விட்டு ஓடி ஹிவாசி ஆற்றுத் தீவில் இருந்த செரோக்கி பழங்குடிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டான். ஊலூடெக்கா என்ற தலைவர் அவனைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். அண்டங்காக்கை என்று அர்த்தம் வரும் பெயரும் வைத்தார்கள். மூன்று வருடம் அங்கே. அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்புறம் கடனை அடைப்பதற்காக வாத்தியார் வேலை பார்த்து, 1813இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1814 மார்ச் 27, ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் கிரீக் பழங்குடிகளோடு நடந்த சண்டையில் தொடைக்கு மேலே அம்பு பாய்ந்தது. பிடுங்கச் சொல்லி ஒரு அதிகாரியிடம் கேட்டார், இரண்டு தடவை இழுத்தும் வரவில்லை. வாளை ஓங்கி, இந்தத் தடவை வராவிட்டால் உன்னை வெட்டுவேன் என்று மிரட்ட, சதையோடு பிய்ந்து வந்தது. தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் போதும் இரு என்று சொல்லியும் மறுபடி ஓடினார், தோளிலும் கையிலும் இரண்டு குண்டு. ஒன்றை எடுத்துவிட்டு, எப்படியும் விடிவதற்குள் செத்துவிடுவான் என்று மற்றதை டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். அந்தத் தொடைப் புண் கடைசிவரை ஆறவே இல்லை. ஐம்பது வருடம் கட்டுப் போட்டுக்கொண்டே நடந்தார். அந்தச் சண்டையில் கிரீக் வீரர்கள் 800 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அதன்பின் வக்கீல், காங்கிரஸ் உறுப்பினர், 1827இல் டென்னசி கவர்னர் என்று மளமளவென்று ஏறினார். 1829 ஜனவரியில் எலைசா ஆலன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார், மூன்றே மாதத்தில் அவள் பிறந்தகம் போய்விட்டாள். ஏன் என்று இருவருமே சாகும்வரை வாய் திறக்கவில்லை. மனிதர் கவர்னர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேற்கே குடிபெயர்ந்திருந்த அதே செரோக்கிகளிடம் போய், மூன்று வருடம் குடியில் மூழ்கிக் கிடந்தார். 1832 கடைசியில்தான் டெக்சாஸ் எல்லையைத் தாண்டினார். ஒருவர் அடிமட்டம்வரை போய்விட்டு வந்தவர் என்றால் அவரைக் கோழை என்று சொல்லி அசைப்பது கஷ்டம். அந்த ஆறு வாரத்தை அவர் தாங்கியதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செரோக்கிகளுக்கு அவர் செய்துகொடுத்த வாக்கைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. 1836 பிப்ரவரியில், சண்டை சூடுபிடிக்கும் முன், கிழக்கு டெக்சாஸில் இருந்த செரோக்கிகளின் வயதான தலைவர் போல்ஸோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். நீங்கள் மெக்சிகோ பக்கம் சேராமல் இருங்கள், இந்த நிலம் உங்களுடையது. அவர்கள் சேரவில்லை, சொன்ன சொல்லைக் காத்தார்கள். செப்டம்பரில் ஹூஸ்டன் 5,119 ஓட்டு வாங்கி அதிபரானார். டெக்சாஸின் தந்தை என்று சொல்லப்படும் ஸ்டீபன் ஆஸ்டினுக்குக் கிடைத்தது 587. அவ்வளவு செல்வாக்கு இருந்தும், அந்த ஒப்பந்தத்தை மட்டும் அவரால் செனட்டில் நிறைவேற்ற முடியவில்லை, 1837 கடைசியில் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். அடுத்து அதிபரான லமார், செரோக்கிகள் வெளியேறவேண்டும் என்று படையை அனுப்பினார். 1839 ஜூலையில் நெச்சஸ் ஆற்றருகே எண்பது தாண்டிய கிழவர் போல்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் இடுப்பில் இருந்தது ஹூஸ்டன் பரிசாகக் கொடுத்த வாள். ஹூஸ்டன் திரும்பி வந்து, வெற்றிக் களிப்பில் இருந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே நீங்கள் செய்தது கொலை என்று பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு நண்பர்கள்கூட அவரை விட்டு விலகினார்கள்.

அவர் அதிபராக இருந்த இரண்டு தடவையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கஜானா காலி, செலவைக் குறைத்தார், மெக்சிகோவோடு பெரிய சண்டைக்குப் போகாமல் காலத்தைத் தள்ளினார். 1840இல் மார்கரெட் லீ என்ற பெண்ணை மணந்தார். அவளுக்கு வயது 21, அவருக்கு 47. குடியை விட்டார். எட்டுப் பிள்ளைகள். 1845 கடைசியில் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது, அவர் செனட்டராகி வாஷிங்டன் போனார்.

அங்கே 13 வருடம் இருந்தார். சிறுத்தைத் தோலில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பேசும்போது பேனாக்கத்தியால் மரத்துண்டைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 1854இல் கன்சாஸ் நெப்ராஸ்கா மசோதா வந்தது. புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறையைக் கொண்டுபோக வழிசெய்த சட்டம் அது, தெற்கே கொண்டாட்டம். தெற்கத்திய செனட்டர்களில் எதிர்த்து ஓட்டுப் போட்டது இரண்டே பேர், டென்னசியின் ஜான் பெல், டெக்சாஸின் ஹூஸ்டன். இது நாட்டை உடைக்கும் என்றார். அந்த நிலத்தில் இருக்கும் பழங்குடிகளுக்கு நாம் கொடுத்த வாக்கு என்னாவது என்றும் கேட்டார். சொந்த மாநிலச் சட்டமன்றமே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தக் காலத்தில் செனட்டரைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம்தான், ஆகவே பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1857இல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். 1859இல் திரும்ப நின்று, தோற்கடித்த அதே ஆளைத் தோற்கடித்து ஜெயித்தார். இரண்டு வெவ்வேறு மாநிலங்களில் மக்கள் ஓட்டால் கவர்னரானவர் அமெரிக்காவில் அவர் ஒருவர்தான்.

அப்புறம் 1861. லிங்கன் ஜெயித்ததும் தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. டெக்சாஸ் மாநாடு பிப்ரவரி 1ஆம் தேதி பிரிவதற்கு ஆதரவாக 166, எதிராக 8 என்று முடிவெடுத்தது. ஹூஸ்டன் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 23ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்பிலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிவுதான் ஜெயித்தது. மார்ச் 2ஆம் தேதி பிரிவு அமலுக்கு வந்தது. டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து விடுதலை அறிவித்த 25ஆவது ஆண்டு நாள் அது, ஹூஸ்டனின் 68ஆவது பிறந்தநாளும் அதுவே. மக்கள் பிரிய நினைத்தால் பிரியட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் டெக்சாஸ் மறுபடி தனி நாடாக இருக்கட்டும், பிரிந்த தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்போடு சேர அவர்கள் ஓட்டுப் போடவில்லை என்பது அவர் வாதம். மாநாடு கேட்கவில்லை. எல்லா அதிகாரிகளும் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்று மார்ச் 16ஆம் தேதியைக் குறித்தார்கள்.

முந்தின இரவு அவர் தூங்கவில்லை. ஆஸ்டின் கவர்னர் மாளிகையின் மாடியில் விடிய விடிய நடந்துகொண்டே இருந்ததாகவும், காலையில் இறங்கிவந்து மார்கரெட்டிடம் நான் இதைச் செய்யமாட்டேன் என்று சொன்னதாகவும் குடும்பத்தார் சொல்லிவந்திருக்கிறார்கள். அன்று சட்டமன்றக் கட்டடத்தில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு நாற்காலியில், மரத்துண்டைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே ‘சாம் ஹூஸ்டன், சாம் ஹூஸ்டன்’ என்று குரல், கீழே கத்தி மரத்தைச் சீவுகிற சத்தம். மூன்றாவது தடவைக்குப் பிறகு பதவி காலியாகிவிட்டதாக அறிவித்து, எட்வர்டு கிளார்க் என்ற துணை கவர்னரை உட்காரவைத்தார்கள்.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். லிங்கன் அவருக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தார், வேண்டுமானால் படை அனுப்புகிறேன், பதவியில் நில்லுங்கள் என்று. ஹூஸ்டன் நாலு நம்பிக்கையான நண்பர்களைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டு, பிறகு அதைக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார். டெக்சாஸ்காரர்களை டெக்சாஸ்காரர்கள் சுட்டுக்கொள்வதற்கு என் நாற்காலி காரணமாக இருக்காது என்று முடிவெடுத்தார். சதுப்பு நிலத்தில் நடந்ததை நேரில் பார்த்தவருக்கு அந்த முடிவு எடுக்க முடிந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம். அவர் ஊரோடு ஒத்தும் போகவில்லை, ஊரை அடக்க வெளியிலிருந்து துப்பாக்கியையும் கூப்பிடவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனார். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்த எல்லைப்புறத் தளபதி இன்னொருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

பதவி போன பிறகும் வாய் மூடவில்லை. ஏப்ரல் 19ஆம் தேதி கால்வெஸ்டன் துறைமுக ஊரில், பேசவேண்டாம் ஆபத்து என்று நண்பர்கள் தடுத்தும், ஒரு பால்கனியில் நின்று பேசினார். கீழே கூட்டம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: உங்கள் செல்வத்தையும் பிள்ளைகளின் உயிரையும் பலிகொடுத்து, கடவுள் உங்களுக்கு எதிராக இல்லையென்றால், ஒருவேளை நீங்கள் ஜெயிக்கலாம், ஆனால் நான் நம்பவில்லை. வடக்கத்தியார் உங்களை மாதிரிச் சட்டென்று கொதிக்கிறவர்கள் இல்லை. ஆனால் நகர ஆரம்பித்தால் பனிச்சரிவு மாதிரி, நிற்காமல் வருவார்கள். நாலு வருடத்தில் அப்படியே நடந்தது. அவருடைய மூத்த மகன் சாம், தகப்பன் பேச்சை மீறித் தெற்கத்தியப் படையில் சேர்ந்து, 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டடிபட்டுப் பிடிபட்டான். செத்துவிட்டான் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள், அப்புறம் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் இல்லை. ஹூஸ்டன் அடிமைகளை வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் பன்னிரண்டு பேர் வரை. அவர் நிறுவ உதவிய டெக்சாஸ் குடியரசின் அரசியல் சட்டம் அடிமைமுறையைக் காப்பாற்றிய சட்டம். மெக்சிகோ 1829இலேயே அதை ஒழிக்க உத்தரவு போட்டிருந்தது, டெக்சாஸ் குடியேறிகளின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவர் எதிர்த்தது அடிமைமுறை பரவுவதையும் நாடு உடைவதையும்தான், அடிமைமுறையையே அல்ல. அவருடைய வீட்டில் அடிமையாக இருந்த ஜோஷ்வா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, கொல்லன் வேலையும் செய்து, விடுதலைக்குப் பிறகு ஹன்ட்ஸ்வில்லில் நகர சபைக்கும் கவுன்டி கமிஷனர் பதவிக்கும் வந்தார். அவரும் ஹூஸ்டன் என்றே பெயர் வைத்துக்கொண்டார். செரோக்கிகளுக்காக அவ்வளவு வாதாடிய மனிதருக்குத் தன் வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள் விஷயத்தில் ஏன் அதே கண் திறக்கவில்லை என்ற கேள்வியை நான் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

ஹன்ட்ஸ்வில் போகும் நெடுஞ்சாலையோரம் அவருக்கு 67 அடியில் வெள்ளைச் சிலை, தடியை ஊன்றி நிற்கிறார். ஊருக்குள் அவர் இறந்த வீடு இருக்கிறது. வாடகைக்கு இருந்த வீடு, நீராவிக் கப்பல் மாதிரி விசித்திரமாகக் கட்டியிருக்கிறார்கள், அதனால் ஸ்டீம்போட் வீடு என்றே பெயர். 1863 ஜூலை 26, மிசிசிப்பிக் கரையில் விக்ஸ்பர்க் வீழ்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, உள்நாட்டுப் போர் போகும் திசை தெரிந்துவிட்டது. மார்கரெட் பக்கத்தில் உட்கார்ந்து பைபிள் வாசித்துக்கொண்டிருந்தாள். டெக்சாஸ், டெக்சாஸ் என்றார், பிறகு மார்கரெட் என்றார், அவ்வளவுதான். அவர் கை விரலில் ஒரு மெலிந்த மோதிரம், பட்டாளத்துக்குப் புறப்பட்டபோது அம்மா போட்டு அனுப்பியது, உள்பக்கம் ‘மானம்’ என்ற பொருளில் ஒரு சொல் பொறித்தது. மார்கரெட் அதைக் கழற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டினாளாம். அந்தக் குறுகலான அறையின் வாசலில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். சான் ஜசின்டோவில் தூணைப் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள், இங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

கட்டுரையாளர் அடுத்த ஞாயிறு தொடரப்போவதாக அடியில் ஒரு குறிப்பு இருந்தது, அதை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். தொடர்ந்தால் போல்ஸ் கிழவரையும் ஜோஷ்வாவையும் விட்டுவிடவேண்டாம், 1861 மார்ச் 16க்கு ஒரு முழுப் பத்தியாவது கொடுங்கள். நகரத்தை நிறுவியவர் பற்றிய திருத்தத்தையும் போட்டுவிடுங்கள், ஹூஸ்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி